உஷார்! குறைந்தது கொழுப்பா, தசையா?

எடை மெஷினில் முள் இறங்கிவிட்டதா? கொஞ்சம் பொறுங்கள். அக்கம்பக்கத்தில் சொல்லி மகிழ்வதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

உங்கள் உடம்பிலிருந்து போனது கொழுப்புதான் என்று யார் சொன்னது?

மெஷின் சொல்லவில்லை. அதற்குத் தெரியாது. தண்ணீர், தசை, எலும்பு, கொழுப்பு எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்ட மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்த ஒரு எண்ணை நம்பித்தான் நம் பெண்கள் விடிகாலையில் கிளம்பி வியர்க்க வியர்க்க நடக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அரை வயிறு சாப்பிடுகிறார்கள். ஆண்களும் அப்படித்தான். நடப்பது நல்லது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நடை மட்டும், அதோடு பட்டினி. இந்த இரண்டும் கைகோத்தால் ஆபத்து. வலியே இல்லாமல் வருகிற ஆபத்து. அதனால்தான் இவ்வளவு பதறிக்கொண்டு சொல்கிறேன்.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெண்மணி. பெயர் வேண்டாம். வயது ஐம்பதைத் தாண்டியவர், மாதவிலக்கு நின்று சில வருடங்கள் ஆகிவிட்டன. சுகர் எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதும் பயந்துபோய் வாக்கிங் ஆரம்பித்தார். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். காலைப் பலகாரத்தை நிறுத்தினார். மத்தியானம் இரண்டு கரண்டி சோறு, ரசம், ஒரு பொரியல். ராத்திரிக்கு ஓட்ஸ் கஞ்சி, இல்லாவிட்டால் நாலு துண்டு பப்பாளி. பருப்பு வாயு என்று ஒதுக்கினார். முட்டை சூடு என்று ஒதுக்கினார்.

ஆறே மாதத்தில் பத்து கிலோவுக்கு மேல் இறங்கியது. கல்யாண வீடுகளில் அவரைச் சுற்றிக் கூட்டம். "என்னக்கா, பாதியா ஆயிட்டீங்க! என்ன பண்றீங்க, எங்களுக்கும் சொல்லுங்க!" பழைய ஜாக்கெட்டுகளையெல்லாம் பிடித்துத் தைத்துக்கொண்டார்.

யாரும் கவனிக்காத சில விஷயங்கள் நடந்துகொண்டிருந்தன. கன்னம் ஒட்டியது. தோள்பட்டை எலும்பு துருத்தியது. அடிவயிறு மட்டும் பெரிதாக அசையவில்லை. குக்கர் மூடியைத் திறக்க மகளைக் கூப்பிட்டார். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைத் தேடினார். கேட்டால், "வயசாச்சில்ல" என்றார். வயது ஆறு மாதத்தில் அப்படி ஏறாது!

ஒருநாள் குளியலறை வாசலில் கால் இடறியது. மாடியிலிருந்தெல்லாம் விழவில்லை. நின்ற இடத்தில் சாய்ந்தார், கையை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்தது. எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தபோது எலும்பு மெலிந்திருப்பது தெரிந்தது. தொடைச் சதை வற்றியிருந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எடை குறைக்க என்னம்மா பண்ணினீங்க?"

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. கையில் மாவுக்கட்டு. வாக்கிங் நின்றது. அத்தனை நாள் அடக்கிவைத்த பசி கிளம்பியது. ஒரு வருடத்துக்குள் பழைய எடை திரும்பிவிட்டது.

திரும்பி வந்தது கொழுப்பு. போன தசை வரவில்லை.

இப்போது அவர் அதே எடையில்தான் இருக்கிறார். ஆனால் அது பழைய உடம்பு இல்லை. முன்னைவிடக் கொழுப்பு கூடுதல், பலம் குறைவு.

ஏன் இப்படி ஆகிறது? நாம் குறைவாகச் சாப்பிடும்போது உடம்பு சேமிப்பில் கை வைக்கிறது. கொழுப்பை மட்டும் எடுத்துக்கொள்ளும் என்று நாம் நினைக்கிறோம். அது அப்படிச் செய்வதில்லை. கைச்செலவுக்குப் பணமில்லாத வீட்டில் பரணில் கிடக்கும் பழைய பாத்திரத்தோடு கைவளையலும் சேர்ந்து கடைக்குப் போவதுபோல, கொழுப்போடு தசையும் போகிறது. பயன்படுத்தாத தசை என்றால் இன்னும் சீக்கிரம் போகிறது. 'இது எனக்கு வேண்டும், தொடாதே' என்று உடம்புக்குச் சொல்ல இரண்டே வழிகள்தான் உண்டு. ஒன்று, அந்தத் தசைக்குச் சுமை கொடுப்பது. இன்னொன்று, போதுமான புரதம் சாப்பிடுவது. நம் பெண்மணி இரண்டையும் செய்யவில்லை.

சும்மா பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். 2017ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. 65 வயதைத் தாண்டிய, உடல்பருமன் உள்ள 160 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். மூன்று குழுக்களுக்கு உணவுக் கட்டுப்பாடு. அதோடு ஒரு குழுவுக்கு நடை, சைக்கிள் மாதிரியான கார்டியோ மட்டும். இன்னொன்றுக்கு எடைப் பயிற்சி மட்டும். மூன்றாவதற்கு இரண்டும். நான்காவது குழுவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்படியே விட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பயிற்சி செய்த மூன்று குழுவுக்கும் எடை ஒரே அளவில், சுமார் 9 சதவீதம் குறைந்திருந்தது. மெஷின் முன்னால் நிறுத்தினால் மூவரும் ஒன்றுதான்.

உள்ளே பார்த்தால் ஒன்றல்ல. கொழுப்பு நீங்கிய மெலிந்த எடை, அதாவது பெரும்பாலும் தசை, கார்டியோ மட்டும் செய்தவர்களுக்கு 5 சதவீதம் போயிருந்தது. எடைப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 2 சதவீதம்தான். இடுப்பு எலும்பின் அடர்த்தி கார்டியோ குழுவுக்கு 3 சதவீதம் குறைந்தது. எடைப் பயிற்சிக் குழுவுக்கு அரை சதவீதம். எழுந்து நடக்க, படியேறத் தெம்பு அதிகம் கூடியது யாருக்குத் தெரியுமா? இரண்டையும் செய்தவர்களுக்கு!

அப்படியானால் நாளையிலிருந்து வாக்கிங்கை நிறுத்திவிடலாமா? கூடவே கூடாது. இங்கேதான் இன்னொரு பள்ளம் இருக்கிறது. பல ஜிம்களில் இளம் பிள்ளைகளிடம் அடித்துச் சொல்கிறார்கள்: "கார்டியோ வேஸ்ட் தம்பி. வெயிட் தூக்கு, தூங்கும்போதுகூட கொழுப்பு எரியும்." நம்பாதீர்கள். ஒரு கிலோ தசை சும்மா இருக்கும்போது ஒரு நாளைக்குச் செலவழிப்பது சுமார் 13 கலோரி. ஒரு மேரி பிஸ்கட்டில் அதைவிட அதிகம் இருக்கிறது.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2012ல் வெளியிட்ட ஆய்வில், எட்டு மாதம் எடை மட்டும் தூக்கியவர்களுக்குத் தசை கூடியது, கொழுப்பின் கிலோ கணக்கு சொல்லும்படியாகக் குறையவில்லை. கொழுப்பைக் குறைத்தது கார்டியோதான். ஆனால் சாப்பாட்டில் கை வைக்காததால் கார்டியோ குழுவுக்கும் எட்டு மாத உழைப்பில் சராசரியாக இரண்டு கிலோகூட இறங்கவில்லை. அரை மணி நேரம் நடந்துவிட்டு வழியில் நண்பர்களோடு ஒரு மெதுவடை, ஒரு சர்க்கரை போட்ட டீ என்று உட்கார்ந்தால் நடந்த கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆக, கொழுப்பைக் கரைப்பதில் சாப்பாட்டுக்கும் கார்டியோவுக்கும் பங்கு பெரிது. கரையும்போது தசையையும் எலும்பையும் காப்பது எடைப் பயிற்சி. எது உசத்தி என்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்தால் பாதிப்பு நமக்குத்தான்.

இந்தியர்களாகிய நமக்கு இதில் பயம் இரட்டிப்பு. புனேவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் இருவரும் அருகருகே நிற்கும் படம் ஒன்று 2004ல் 'லான்செட்' இதழில் வந்தது. உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் கணக்கான பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றேதான், 22.3. ஆனால் லண்டன்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம். நம்மவர் உடம்பில் 21.2 சதவீதம்! ஒல்லியாகத் தெரிவோம், உள்ளே கொழுப்பு இருக்கும், தசை கம்மியாக இருக்கும். புனேவில் பிறந்த குழந்தைகளிடமே இந்தப் போக்கு தெரிந்தது என்று யாஜ்னிக் குழு எழுதியிருக்கிறது. இருக்கிற கொஞ்சம் தசையையும் பட்டினி போட்டு இழந்தால் என்ன ஆகும்? சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய இடமே தசைதான். தசை சுருங்கினால் அந்தச் சர்க்கரை எங்கே போகும்? சென்னை நீரிழிவு ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023ல் சொன்ன கணக்கு: நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். சுகருக்குப் பயந்து நடந்து, தசையை இழந்து, அதே சுகருக்குக் கதவைத் திறந்துவிடாதீர்கள்.

இனி அபாய அறிகுறிகள். இதில் எது உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இருந்தாலும் அலட்சியம் வேண்டாம்.

எடை இறங்குகிறது, இடுப்பு இறங்கவில்லை. இதுதான் முதல் மணி. தையல் டேப்பை எடுத்துத் தொப்புள் மட்டத்தில், மூச்சை இழுக்காமல் அளந்து பாருங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. இதைத் தாண்டினால் வயிற்றுக் கொழுப்பு ஆபத்து எல்லையில் இருக்கிறது என்று அர்த்தம்.

கைப்பிடி தளர்கிறது. ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை, பாட்டில் மூடி திருக முடியவில்லை, தண்ணீர்க் குடத்தைப் பாதியில் இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது. கைப்பிடியின் பலத்தை வைத்தே டாக்டர்கள் தசை நலிவைக் கண்டுபிடிக்கிறார்கள். விளையாட்டு இல்லை இது.

எழுந்திருக்கக் கை வேண்டியிருக்கிறது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காருங்கள். ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019ல் வகுத்த அளவின்படி, 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை நலிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தடுமாற்றம் உள்ளவர்கள் தனியாகச் செய்யாதீர்கள், பக்கத்தில் ஆள் நிற்கட்டும்.

வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் இறங்கிக்கொண்டே இருக்கிறது. முடி கொத்துக் கொத்தாக வருகிறது. எப்போதும் குளிர்கிறது, எரிச்சல் வருகிறது, தூக்கம் இல்லை. வயதுப் பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகிறது. தாய்மார்களே, உங்கள் மகள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு ட்ரெட்மில்லில் ஓடுகிறாள், இரண்டு மாதமாகத் தேதி வரவில்லை என்றால், "ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கலை" என்று விட்டுவிடாதீர்கள். உடம்பு பட்டினியில் இருக்கிறது, எலும்பு அரிபடுகிறது. உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. அடிக்கடி தாகம், ராத்திரியில் நாலைந்து தடவை சிறுநீர், அதோடு எடை மளமளவென்று இறங்குகிறது. இதை வாக்கிங்கின் பலன் என்று கொண்டாடியவர்கள் உண்டு. அது கட்டுப்பாடு இழந்த சுகராக இருக்கலாம்! அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்பவர்களும் கேளுங்கள். ஊசி பசியைக் குறைக்கிறது. தசையைக் காப்பது அதன் வேலை இல்லை. எடைப் பயிற்சியும் புரதமும் உங்களுக்குத்தான் இன்னும் அவசரம்.

ஜிம்முக்கு ஓடும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரு கல்லூரிப் பையன், அக்கா கல்யாணத்துக்குள் உடம்பை இறக்க வேண்டும் என்று ஜிம்மில் சேர்ந்தான். முதல் நாளே நூற்றுக்கணக்கில் பஸ்கி போட வைத்தார்கள். மறுநாள் கால் அசையவில்லை. "முதல் நாள் அப்படித்தான் வலிக்கும்" என்றார்கள். மூன்றாம் நாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. நல்லவேளை, அவன் அம்மா பார்த்துவிட்டார். கிழிந்த தசையிலிருந்து கசிந்த பொருள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருந்தது. பல நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றினார்கள். தாமதித்திருந்தால் டயாலிசிஸ்வரை போயிருக்கும்.

பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கருத்தால் அது வலி மாத்திரை போட்டுப் படுக்கும் விஷயம் இல்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் விஷயம். அந்த நேரத்தில் நீங்களாக வலி மாத்திரை விழுங்கினால் சிறுநீரகத்துக்கு இன்னும் கேடு.

வியர்த்தால் கொழுப்பு உருகும் என்று பிளாஸ்டிக் சூட் மாட்டிக்கொண்டு ஓடுகிறார்களே, அதுவும் வேண்டாம். வியர்வையில் போவது தண்ணீர். 1997ல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் போட்டிக்காக இப்படி அவசரமாக எடை இறக்கப்போய், ஐந்து வாரத்துக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். திடகாத்திரமான பிள்ளைகள்! நம் ஊர் மே மாத வெயிலில் இதைச் செய்யலாமா? 'ஃபேட் பர்னர்' என்று லேபிள் ஒட்டிய மாத்திரைகளும் அப்படித்தான். டி.என்.பி. என்ற ரசாயனத்தை எடை குறைப்பு மருந்தாக 1930களில் விற்று, உயிர்கள் போன பிறகு தடுத்தார்கள். இன்றும் இணையத்தில் திருட்டுத்தனமாக விற்கிறார்கள், இன்றும் உயிர் போகிறது. அளவு கூடினால் உடம்பு உள்ளிருந்தே கொதிக்கும். மாற்று மருந்து கிடையாது.

மாத்திரை சாப்பிடுபவர்கள் கூடுதல் கவனம். கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கட்டும். பிரஷர் உள்ளவர்கள் எடை தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், பிரஷர் எகிறிவிடும். தூக்கும்போது மூச்சை விடுங்கள். சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்கள் கண் டாக்டரைக் கேட்காமல் பளுவான எடையைத் தொடவே கூடாது, கண்ணுக்குள் ரத்தம் கசியலாம். கால் மரத்திருப்பவர்கள் வெறுங்காலோடு நடக்காதீர்கள், புண் வந்தாலும் தெரியாது. நடக்கும்போது நெஞ்சு அழுத்தினால், இடது கையோ தாடையோ வலித்தால் "கேஸ்" என்று சோடா குடிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்னது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேக நடை மாதிரியான மிதமான கார்டியோ, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி. நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கினார்கள். இரண்டாம் பாதிக்கு ஜிம் கட்டாயமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பது, சுவரைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி நிற்பது, துணிப்பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை வைத்துத் தூக்குவது. பத்துப் பத்து தடவையாக ஆரம்பியுங்கள். ஒரு நாள் செய்தால் மறுநாள் அந்தத் தசைக்கு ஓய்வு. சுலபமாகிவிட்டதென்றால் சுமையைக் கொஞ்சம் கூட்டுங்கள். கூட்டாவிட்டால் பலன் நின்றுவிடும். மூட்டு தேய்ந்தவர்கள், எலும்பு மெலிந்தவர்கள் பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

சாப்பாட்டில் புரதம். நம் நாட்டு அளவுப்படி உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் தினமும் 0.83 கிராம். 60 கிலோ எடை என்றால் சுமார் 50 கிராம். ஓர் இட்லியில் இரண்டு கிராம்தான் இருக்கும். ஒரு முட்டையில் ஆறு. இட்லியும் ரசம் சோறும் மட்டும் சாப்பிட்டு 50 கிராமை எட்டவே முடியாது. ஒவ்வொரு வேளையிலும் பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன் என்று ஏதாவது ஒன்று தட்டில் இருக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள்.

இன்று சாயங்காலம் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் அம்மாவையோ அப்பாவையோ, வீட்டிலேயே வாக்கிங்கில் கெட்டிக்காரர் யாரோ அவரையோ, நாற்காலியில் உட்கார வையுங்கள். பக்கத்தில் நின்றுகொண்டு, கையை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 12 விநாடியைத் தொட்டுவிட்டால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.